350 கிராம் காஸ்

ஏசியின் வெளிப்பெட்டி வீட்டின் மேற்குச் சுவரில் இருக்கிறது. அந்தப் பக்கம் இரண்டு வளவு தாண்டினால் களப்பு. களப்புக்கு அப்பால் கற்பிட்டித் தரை மெல்லிய கோடாகத் தெரியும். அதற்கும் அப்பால் பெருங்கடல். மே மாதம் எழும்பும் கச்சான் காற்று இரண்டு தண்ணீரையும் தடவி, உப்பளப் பாத்திகளின் மேலாக ஓடிவந்து இந்தச் சுவரில்தான் மோதுகிறது. ஜன்னல் கம்பி, கேற்றுப் பிணைச்சல், சைக்கிள் செயின் என்று இரும்பில் செய்த எதுவும் புத்தளத்தில் நெடுநாள் நிற்பதில்லை. பெட்டியின் தகரம் கீழ் விளிம்பில் ஏடு ஏடாகக் கழன்று தொங்குகிறது.

த்ரீவீலின் கூரையில் ஏணியைக் கட்டிக்கொண்டு மெக்கானிக்கும் ஒரு பையனும் வந்து இறங்குகிறார்கள். முன்னறையில் வாடகைக்கு இருக்கும் நான் என் வாசற்படியில் உட்கார்ந்திருக்கிறேன். டீச்சர் முந்தானையைத் தலைக்கு இழுத்து விட்டபடி வெளியே வருகிறார். ஓய்வுபெற்று எவ்வளவோ காலமாகியும் தெருவுக்கு அவர் டீச்சர்தான். ஸலாம் சொல்லி முடியுமுன்பே முறைப்பாடு தொடங்குகிறது.

"குளிர் வருகுதில்ல தம்பி. மெசின் ஓடுது, சத்தம் கேக்குது, அறை மட்டும் வெக்கையாவே கிடக்கு. பைப்பில ஐஸ் பிடிச்சிருக்கு பாருங்க. அப்ப காஸ் இருக்குத்தானே?"

உள்ளே கட்டிலில் அவரது கணவர். பக்கவாதம் விழுத்திப் போட்டவர். முதுகில் வியர்வை தங்கினால் படுக்கைப் புண் ஆறாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். மகன் கட்டாரிலிருந்து முதல் தடவை லீவில் வந்தபோது வாங்கிப் பூட்டிக் கொடுத்த ஏசி அது. அந்த அறையில் அது ஒரு மருந்துச் சாமான்.

மெக்கானிக் ஏணியில் ஏறவில்லை. முதலில் அறைக்குள் போய்ப் பெரியவரின் கையைப் பிடித்துச் சுகம் விசாரித்துவிட்டுத்தான் வெளியே வருகிறார். பிறகு பெட்டிக்குக் கீழே நின்று, மெல்லிய குழாயில் படிந்திருக்கும் வெள்ளைப் பனியை விரல் நுனியால் சுரண்டுகிறார்.

"காஸ் நிறைய இருந்தா ஐஸ் பிடிக்காது டீச்சர். குறைஞ்சாத்தான் பிடிக்கும்."

டீச்சருக்கு அது நம்பும்படியாக இல்லை. நாற்பது பிள்ளைகளுக்கு முன்னால் நின்று பழகிய முகம் "ஏன்?" என்று கேட்கிறது. மெக்கானிக் விளக்குகிறார். உள்ளே ஓடும் காஸ் குறையும்போது அழுத்தம் இறங்குகிறது. அழுத்தம் இறங்கினால் அது கொதிக்கும் வெப்பநிலையும் பூச்சியத்துக்குக் கீழே போகிறது. குழாயின் ஒரு சாண் நீளம் மட்டும் உறைகிறது, மிச்சக் கொயில் முழுவதும் சும்மா கிடக்கிறது. சொல்லிக்கொண்டே மணிபோல்ட் கேஜின் நீலக் குழாயை வால்வில் பூட்டுகிறார். முள் நடுங்கி, முப்பதில் நிற்கிறது.

"அறுபத்தஞ்சு, எழுபதுல நிக்கோணும்."

போன வருடம் வேறொருவர் வந்து காஸ் அடித்துவிட்டுப் போனதையும், இந்த வருடத் தொடக்கத்தில் இன்னொருவர் வந்து அடித்ததையும் டீச்சர் சொல்கிறார். மெக்கானிக் அவர்களைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசவில்லை. ஆனால் எனக்குப் பேசத் தோன்றுகிறது. நம்முடைய ஊர்களில் ஏசி வைத்திருக்கும் வீடுகளெல்லாம் காஸை மோட்டார் சைக்கிளுக்கு ஊற்றும் பெற்றோல் போல எண்ணிக்கொண்டிருக்கின்றன: ஓடினால் தீரும், தீர்ந்தால் அடிக்க வேண்டும். ஏசியின் காஸ் தீர்வதில்லை. மூடிய குழாய்க்குள் திரவமாகவும் ஆவியாகவும் மாறி மாறிச் சுற்றுகிறது, அவ்வளவுதான். குறைந்திருக்கிறது என்றால் எங்கோ ஓட்டை இருக்கிறது. ஓட்டையைத் தேடாமல் காஸ் அடிக்கிறவர் வீட்டுக்காரரின் பணத்தையும் வானத்தையும் ஒரே வேலையில் கெடுக்கிறார். இந்த ஒரு விஷயம் எல்லோருக்கும் தெரிந்திருந்தால் பாதி நட்டம் நடந்திராது.

பையன் ஈரத் துணியால் பெட்டியின் பக்கவாட்டைத் துடைக்கிறான். துருவுக்கு அடியிலிருந்து ஒரு ஸ்டிக்கர் வெளியே வருகிறது. எழுத்துக்கள் பாதி போய்விட்டன. மெக்கானிக் பெருவிரலால் தேய்த்து வாசிக்கிறார்: ஆர் 22, தொள்ளாயிரம் கிராம்.

"இருபத்திரண்டு," என்கிறார் பையனிடம், குரலைத் தாழ்த்தி.

ஆர் 22 ஒரு காலத்தில் நல்ல காஸ் என்று பெயர் எடுத்தது. அதற்கு முன்பு குளிர்ப்பெட்டிகளை ஆண்ட ஆர் 12 ஓசோன் படையை அரித்த அளவோடு பார்த்தால் இது அரிப்பது ஏறக்குறைய இருபதில் ஒரு பங்கு. ஆனாலும் இதற்குள்ளும் குளோரின் இருக்கிறது. மேலே போய் உடைந்து வெளிவரும் ஒரேயொரு குளோரின் அணு பல்லாயிரம் ஓசோன் மூலக்கூறுகளைச் சிதைத்துவிடும் என்ற வழியை மொலினா, ரோலண்ட் என்ற இரு விஞ்ஞானிகள் 1974இலேயே எடுத்துச் சொன்னார்கள். 1985இல் அந்தாட்டிக்காவுக்கு மேலே ஓசோன் மெலிந்து கிடப்பதை பிரித்தானிய ஆய்வாளர்கள் வெளியிட்டார்கள். ஓசோனை அரிக்கும் காஸ்களைக் குறைத்து நிறுத்துவதற்கு 1987 செப்டெம்பர் 16இல் மொன்றியல் உடன்படிக்கை. இலங்கை அதில் சேர்ந்தது 1989 டிசெம்பரில். நாடே பற்றி எரிந்துகொண்டிருந்த அந்த வருடத்திலும் யாரோ சில அதிகாரிகள் உட்கார்ந்து இந்தக் காகிதத்தைக் கவனித்திருக்கிறார்கள். அவர்களை நினைத்தால் எனக்கு மரியாதை வருகிறது. 2001இல் உடன்படிக்கை நாடுகளின் கூட்டமே கொழும்பில் நடந்தது.

பிறகு திருத்தப்பட்ட அந்தக் காகிதத்தின்படி நம்மைப் போன்ற நாடுகள் ஆர் 22 குடும்பத்தின் பாவனையை 2013இல் கூடாமல் நிறுத்தி வைத்து, 2015இல் பத்து வீதம், 2020இல் 35 வீதம், 2025இல் 67.5 வீதம் என்று குறைத்து, 2030இல் நிறுத்த வேண்டும். ஏற்கெனவே ஓடும் பெட்டிகளைத் திருத்துவதற்கென்று 2040 வரை ஒரு துளி மட்டும் விட்டு வைத்திருக்கிறார்கள். மேற்குச் சுவரில் தொங்கும் இந்தப் பெட்டி அந்தக் கணக்கின் கடைசிப் படிகளில் நிற்கிறது.

ஏணிச் சத்தம் கேட்டுப் பக்கத்து வீட்டு ஹாஜியார் வேலியோரம் வந்துவிட்டார்.

"என்னத்துக்கு இவ்வளவு பாடு தம்பி? சமையல் காஸைப் பிடிச்சு ஏத்தினா ஓடுமாம். மதுரங்குளியில ஒருத்தன் செய்றானாம், நல்லாக் குளிருதாம்."

மெக்கானிக் ஸ்பானரைக் கீழே வைக்கிறார். இந்தக் கேள்வியை அவர் பல வீடுகளில் கேட்டிருக்க வேண்டும். பதில் தயாராக இருக்கிறது.

"குளிரும் ஹாஜியார், பொய்யில்ல. புரொப்பேன்ல ஓடுற ஏசிய இந்தியாவுல கம்பனியே செஞ்சு விக்கிது. அது அதுக்கெண்டே செஞ்ச மெசின். காஸ் கொஞ்சமாப் போடுவாங்க, நெருப்புப் பொறி வராத சுவிட்ச் வைப்பாங்க. இது அப்படி இல்லயே. உள்ளுக்குக் கட்டிலோட கிடக்கிறவர் எழும்பி ஓடுவாரா?"

கொஞ்சம் நிறுத்தி, "2021 கடைசியில ஊரூரா அடுப்பு வெடிச்சது மறந்து போச்சா?" என்கிறார். ஹாஜியார் மறக்கவில்லை. சமையல் காஸில் புரொப்பேன், பியூட்டேன் கலவை மாறியதைப் பற்றி நாடு முழுவதும் பேசிய மாதங்கள் அவை. அவர் தாடியைத் தடவிக்கொண்டு "அதுவும் சரிதான்" என்கிறார். வேலியை விட்டுப் போகவில்லை.

மெக்கானிக்குக் கிட்டத்தட்ட நாற்பத்தைந்து வயது. 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்டு இந்தக் கரைக்கு வந்த குடும்பங்களில் ஒன்றின் பிள்ளை. கிடுகுக் கொட்டிலில் வளர்ந்து, ஜித்தாவில் தொழில் பழகி, பாலாவியில் கடை போட்டவர். இவ்வளவும் பையன் ஓய்வாக இருந்தபோது ஹாஜியாரிடம் சொன்னதைக் கேட்டுத் தெரிந்துகொண்டேன். அவராக எதுவும் சொல்லவில்லை.

இப்போது அவர் செய்வதைப் பார்க்கத்தான் நான் காலையிலிருந்து காத்திருந்தேன் என்று சொல்லலாம். த்ரீவீலின் பின்னாலிருந்து ஒரு சிறிய இயந்திரத்தையும், உடல் சாம்பல் நிறமும் தலை மஞ்சளுமான ஒரு சிலிண்டரையும் பையன் தூக்கி வருகிறான். சிலிண்டரைத் தராசில் வைக்கிறார்கள். பெட்டிக்குள் மிஞ்சியிருக்கும் காஸை உறிஞ்சி எடுக்கும் சாமான் அது.

பையனுக்கு அலுப்பு. "நானா, மிச்சம் கொஞ்சம்தானே. திறந்து விட்டா ரெண்டு நிமிசத்துல போயிடும்."

"போய் எங்க நிக்கும்?"

பையன் பேசவில்லை. மெக்கானிக்கும் மேலே எதுவும் சொல்லாமல் வால்வைத் திருகுகிறார். இயந்திரம் உறுமத் தொடங்குகிறது. வழியில் போன கழுதை ஒன்று நின்று பார்த்துவிட்டு உப்பளப் பக்கமாக நடக்கிறது. தராசின் எண் மெதுவாக ஏறுகிறது. நூற்றிருபது. இருநூறு. இருநூற்று எண்பது. முன்னூற்றைம்பதோடு நின்றுவிடுகிறது.

அவர் சட்டைப் பையிலிருந்து சுருண்ட கொப்பி ஒன்றை எடுத்து, திகதி, இடம், காஸின் பெயர், 350 என்று எழுதுகிறார்.

தொள்ளாயிரத்தில் முன்னூற்றைம்பது மிச்சம். ஐந்நூற்றைம்பது கிராம் இந்த வருடத்துக்குள் மட்டும் போயிருக்கிறது; முன்பு அடித்துப் போனவை வேறு. ஆர் 22 ஓசோனைத் தின்பதோடு நிற்பதில்லை. நூறு வருடக் கணக்கில் அதன் ஒரு கிலோ 1810 கிலோ காபனீரொட்சைட்டுக்குச் சமமாகப் பூமியைச் சூடேற்றுகிறது. அப்படியானால் இந்தச் சுவரிலிருந்து யாருக்கும் தெரியாமல் கசிந்தது ஏறக்குறைய ஒரு தொன். நானூறு லீற்றருக்கு மேல் பெற்றோல் எரித்ததற்கு ஈடு. வெக்கையைத் தணிக்க வாங்கிய சாமான் வெக்கையைக் கூட்டியிருக்கிறது, அதுவும் நோயாளி ஒருவரின் தலைமாட்டில் நின்றபடி. டீச்சரின் பிழை இதில் ஒன்றுமில்லை. அவர் ஒவ்வொரு தடவையும் காசு கொடுத்துத்தான் திருத்தியிருக்கிறார்.

இனி நைதரசன். கறுத்த நெட்டைச் சிலிண்டரிலிருந்து அழுத்தம் ஏற்றிவிட்டு, சவர்க்கார நுரையைத் தூரிகையால் கொயிலின் வளைவுகளில் பூசுகிறார். எண்ணெய்க் கறை இருந்த இடத்தில் முதல் குமிழி. சற்று மேலே இன்னொன்று. முன்தகடைக் கழற்றி நடுப்பகுதியைத் தொட்டதும் அலுமினியத் தகடுகள் மாவாக உதிர்ந்து அவர் மணிக்கட்டில் கொட்டுகின்றன. செம்பும் அலுமினியமும் ஒட்டி நிற்குமிடத்தில் உப்பு ஈரம் பட்டால் அலுமினியம்தான் முதலில் கரையும். கொழும்பில் உள்ளே தள்ளிய இடங்களில் பதினைந்து வருடம் நிற்கும் கொயில் இந்தக் கரையில் அதில் பாதி காலம் நின்றாலே பெரிய காரியம் என்று அவர் ஹாஜியாரிடம் சொல்வது காதில் விழுகிறது. நாலாவது குமிழியைக் கண்டபிறகு அவர் எண்ணுவதை நிறுத்திவிட்டார்.

டீச்சர் தேநீரோடு வருகிறார். மெக்கானிக் கையைத் துடைத்துக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்து, நோயின் பெயரைச் சொல்லும் டாக்டர் போல நிதானமாகப் பேசுகிறார்.

"ஒட்டலாம் டீச்சர். இண்டைக்கு நாலு இடம் ஒட்டினா அடுத்த மாசம் அஞ்சாவது இடம் திறக்கும். கொயில மாத்தலாம் எண்டா இந்த மொடலுக்கு இப்ப வருகுதில்ல. இருபத்திரண்டு காஸும் முந்தின விலையில்ல, கிடைக்கிறதும் எல்லாம் சுத்தமில்ல."

"புதுக் காஸ அடிச்சா?"

"இந்த மெசின் தாங்காது."

அவர் சுருக்கமாகச் சொன்னதற்குப் பின்னால் ஒரு பெரிய கதை இருக்கிறது. ஆர் 22க்குப் பிறகு வந்தது ஆர் 410 ஏ. அதில் குளோரின் இல்லை, ஓசோனுக்குக் கேடில்லை. ஆனால் அது ஓடும் அழுத்தம் பழையதைப் போல ஏறக்குறைய ஒன்றரை மடங்குக்கும் மேல். பழைய கம்ப்ரஸரின் கனிய எண்ணெயோடு அது சேராது. அதற்கு வேறு எண்ணெய், அந்த எண்ணெயோ காற்றிலுள்ள ஈரத்தையெல்லாம் உறிஞ்சிக்கொள்ளும். ஆகவே காஸை மாற்றுவதென்றால் பெட்டியையே மாற்றுவதுதான். அதோடும் முடியவில்லை. ஓசோனுக்குத் தப்பிய ஆர் 410 ஏ, சூடேற்றுவதில் ஆர் 22ஐயும் மிஞ்சியது: ஒரு கிலோவுக்கு 2088 கிலோ. அதனால் 2016 ஒக்டோபரில் ருவாண்டாவின் கிகாலியில் உலக நாடுகள் திரும்பவும் கூடி, மொன்றியல் உடன்படிக்கையைத் திருத்தின. இலங்கை 2018 செப்டெம்பரில் அந்தத் திருத்தத்தை ஏற்றது. 2024இல் நமக்கு ஆர் 410 ஏ போன்ற காஸ்களின் அளவும் இனிக் கூடாமல் நிறுத்தப்பட்டது. 2029இல் பத்து வீதத்தில் தொடங்கி 2045இல் எண்பது வீதம் குறைய வேண்டும்.

டீச்சரின் கையில் ஒரு துண்டுக் காகிதம். டவுனிலுள்ள ஒரு கடையில் விசாரித்து எழுதியது. ஒரு ஏசி மற்றவற்றைவிட நன்றாக விலை குறைவு. மெக்கானிக் வாங்கிப் பார்க்கிறார்.

"இது நானூத்திப் பத்து. மலிவுதான். ஐரோப்பாவுல சின்ன ஏசியில இந்தக் காஸப் போட்டு இனி விக்கேலாது, 2025ஓட நிப்பாட்டியாச்சு. அமெரிக்காவிலயும் அப்படித்தான். அங்க விக்கேலாத சாமான் இனி எங்க வரும்?"

டீச்சர் காகிதத்தைத் திரும்ப வாங்கி, அந்த வரியின் மேல் ஒரு கோடு இழுக்கிறார். பழைய சிவப்புப் பேனைக் கை.

இந்த இடத்தில் எனக்குக் கோபம் வருகிறது. எந்தக் காஸ் எந்த வருடத்தோடு முடிகிறது என்பதைக் கடைக்காரர் பெட்டியின் மேல் எழுதி ஒட்டியிருக்க வேண்டும். விலை, வாட்டு, நட்சத்திரம் எல்லாம் ஒட்டுகிறோம். இன்னும் பத்து வருடத்தில் திருத்த முடியுமா என்பதுதானே வாங்குகிறவருக்கு முதலில் தேவை? ஓர் ஓய்வூதியக்காரர் அதைத் தெரிந்துகொள்வதற்கு நல்ல மெக்கானிக் ஒருவர் தற்செயலாக அமைய வேண்டியிருக்கிறது. 2022இல் டொலர் ஏறி ரூபா விழுந்தபோது இந்த மாதிரிச் சாமான்களின் விலை எங்கோ போய்விட்டது. அப்படியிருக்கும்போது பிழையான பெட்டியை வாங்கினால் அதைத் தாங்குகிற பலம் இந்த வீட்டுக்கு இல்லை.

"அப்ப எது?"

"முப்பத்திரண்டு." ஆர் 32. சூடேற்றுவதில் 675, அதாவது 410 ஏயின் மூன்றில் ஒரு பங்கு. காஸும் குறைவாகவே ஊற்ற வேண்டும். அதே குளிருக்குக் கரண்டும் கொஞ்சம் குறையும். இலேசாகத் தீப்பற்றக் கூடியது என்பதால் பூட்டுகிறவர் படித்திருக்க வேண்டும். இதையும் அவர் மறைக்கவில்லை. "வெக்கும் பம்ப் போட்டு ஈரத்தையும் காத்தையும் முழுசா எடுக்கோணும். காஸ விட்டுக் காத்தத் தள்ளுறவன் வந்தா உள்ளுக்கு விடாதீங்க. பழைய பைப்பையும் பாவிக்கத் தேவையில்ல, அதுவும் உப்புத் திண்டதுதான்."

கரண்ட் என்றதும் டீச்சர் பில்லை நினைத்திருப்பார். 2022 ஓகஸ்டிலும் 2023 பெப்ரவரியிலும் ஏறிய ஏற்றம் யாருக்கும் மறக்காது. இன்னொன்றும் இருக்கிறது. இங்கிருந்து கற்பிட்டி வீதியில் போனால் நுரைச்சோலை. நாட்டின் மிகப் பெரிய மின் நிலையம். 900 மெகாவாட்டும் நிலக்கரியில். காஸ் குறைந்த ஏசி குளிராமலே இரவு முழுவதும் ஓடும். அப்படி வீணாக ஓடும் ஒவ்வொரு மணி நேரத்துக்கும் அங்கே கரி எரிகிறது. அதன் சாம்பலைப் பற்றி அந்தப் பக்கத்துச் சனங்கள் முறையிட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

ஹாஜியார் வேலிக்கு அப்பாலிருந்து கேட்கிறார். "பழசைப் பழைய இரும்புக்காரனுக்குக் கொடுக்கலாம்தானே? செம்புக்கு நல்ல விலை."

"இப்பக் கொடுக்கலாம். காஸ எடுத்தாச்சு." காஸோடு கொடுத்தால் அவன் வாள் போட்டுக் குழாயை அறுக்கும்போது உள்ளிருப்பது ஒரே மூச்சில் போய்விடும் என்பதைக் கையால் காட்டுகிறார். சாம்பல்நிறச் சிலிண்டரைத் தட்டுகிறார். இந்தக் கம்ப்ரஸர் எரியவில்லை, ஆகவே காஸில் அமிலம் ஏறியிருக்காது. வடிகட்டி, உலர்த்தினால் திரும்பப் பாவிக்கலாம். பாலாவியில் ஒரு தையற்கடையில் இருபத்திரண்டில் ஓடும் பெட்டி ஒன்று உள்ளே தள்ளி, காற்றுப் படாமல் இருக்கிறது. இன்னும் ஐந்தாறு வருடம் நிற்கும். என்றைக்காவது அதற்குத் தேவைப்பட்டால் இதிலிருந்துதான் கொடுக்க வேண்டும். இன்னும் கொஞ்சக் காலத்தில் ஆர் 22 என்று ஏதாவது இருந்தால் அது இப்படி ஒவ்வொரு வீட்டிலும் சேர்த்தெடுத்ததாகத்தான் இருக்கும். எரிந்த கம்ப்ரஸர்களிலிருந்து எடுத்த கெட்ட காஸ் கடையில் இரண்டு சிலிண்டர் கிடக்கிறதாம். அதை எங்கே ஒப்படைப்பது என்று கேட்டு அவரே கொழும்புக்குப் போய் வரவேண்டியிருக்கிறது; போகிற நாளின் கூலியை யாரும் கொடுப்பதில்லை.

2023 ஜனவரியில் ஐக்கிய நாடுகள் சபையின் மதிப்பீடு ஒன்று வந்தது. இப்போதைய நடைமுறை தொடர்ந்தால் உலகின் பெரும்பகுதியில் ஓசோன் படை 2040 அளவில் 1980இன் நிலைக்கு மீளும், அந்தாட்டிக்காவில் 2066 அளவில். கிகாலித் திருத்தம் ஒழுங்காக நடந்தால் நூற்றாண்டின் முடிவில் அரைப் பாகை வரை வெப்பத்தைத் தவிர்க்கலாம் என்றும் அது சொன்னது. மாநாடுகளில் கைதட்டி வரவேற்ற இந்தக் கணக்குக்குள் மெக்கானிக்கின் கொப்பியில் எழுதிய 350உம் இருக்கிறது. அவர் பெயர் எந்த அறிக்கையிலும் வராது. வராவிட்டாலும், தராசு வாங்க, இயந்திரம் வாங்க, சிலிண்டரை ஒப்படைக்க அவருக்கு ஒரு வழி இருக்க வேண்டும். திறந்து விடுகிறவனைவிட உறிஞ்சி எடுக்கிறவனுக்கு ஒரு மணி நேரம் கூடச் செலவாகிறது. அதே கூலிக்குத்தான் இருவரும் வேலை செய்கிறார்கள்.

டீச்சர் கடைசியாகக் கேட்கிறார். "இந்த முப்பத்திரண்டையும் ஒருநாள் நிப்பாட்டுவாங்களா?"

"குறைப்பாங்க டீச்சர். அதுவும் கிகாலிக் கணக்குலதான் இருக்கு. ஆனா ஒரேயடியா வராது. அதுக்குள்ள புது மெசின் ஓடி முடிஞ்சிடும். கழுவி வச்சா."

"கழுவுறதா?"

"மாசத்துக்கு ஒருக்கா நல்ல தண்ணி அடிச்சு. கச்சான் காலத்துல ரெண்டு தரம். உப்புப் படிய விடக்கூடா. பெட்டியையும் இந்தப் பக்கம் பூட்டக்கூடா."

டீச்சர் உள்ளே போகிறார். தொலைபேசியில் மகனோடு பேசும் சத்தம் கேட்கிறது. முதலில் உரக்க, பிறகு தணிந்து. திரும்பி வந்து, பாதிக் காசு இப்போது, மீதி இரண்டு மாதத்தில் என்கிறார். மெக்கானிக் தலையசைக்கிறார். இன்றைய வேலைக்குக் கூலி மட்டும் வாங்கிக்கொண்டு, காஸுக்கென்று நீட்டிய காசைத் திருப்பிக் கொடுக்கிறார். அவர் காஸ் எதுவும் அடிக்கவில்லை.

"ஏசி வர எப்படியும் நாலு நாள் ஆகும் டீச்சர். கடையில ஒரு பெடஸ்டல் பேன் இருக்கு, பின்னேரம் பையன்கிட்ட அனுப்புறன். அவருக்கு நேரா வைக்காதீங்க, கால் பக்கமா வைங்க."

பையன் ஏற்கெனவே கிழக்குச் சுவரில் அளவு நாடாவைப் பிடித்துக்கொண்டு நிற்கிறான். ஜன்னலுக்கு மேல் இடம் போதவில்லை. கிணற்றடிப் பக்கம் போதுகிறது: தரையிலிருந்து ஏழு அடி, உள்ளே குழாய் மூன்று மீட்டர், கழுவுவதற்குத் தண்ணீர்க் குழாயும் எட்டும் தூரத்தில்.